காமாலைக் கண் சொல்லும் சேதி

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பிறரிடம் குற்றம் காண்பதையே தொழிலாகக் கொண்டவர்களை இடித்துரைக்க அது மிகவும் உபயோகமானதுதான். ஆனால் வைத்திய சாஸ்திரத்தின் முன்னிலையில் அந்தப் பழமொழி நிற்காது. காமாலை கண்டவருக்கு உலகம் மஞ்சளாகத் தோன்றுவதில்லை. உலகத்துக்குத்தான் அவர் மஞ்சளாகத் தோன்றுகிறார். அவரோ தம் கண்ணில் ஏறியிருக்கும் நிறத்தை அறியாமலே நாலு நாள் நடமாடிக் கொண்டிருப்பார். ஆகையால் இந்த வியாதியை முதலில் கண்டு சொல்ல வேண்டிய கடமை அருகில் இருக்கும் வீட்டாருடையது.

உண்மையில், காமாலையை வியாதி என்று சொல்வதே பிசகு. அது ஓர் அறிகுறி. புகையைக் கண்டதும் அது அடுப்பின் புகையா, கூரை பற்றி எரியும் புகையா என்று ஓடிப் பார்க்கிறோம் அல்லவா? காமாலையைக் கண்டதும் அவ்வாறே கேட்க வேண்டும். பெரும்பாலும் அது அடுப்புப் புகையாகவே இருக்கும். ஆனால் சில வேளைகளில், முக்கியமாக வயதானவர்களிடத்தில், வலியில்லாமல் வரும் காமாலை பித்தக் குழாயில் தோன்றிய புற்றுநோயின் முதற் சேதியாக இருக்கக் கூடும். அந்தச் சேதியை எப்படிப் படிப்பது, வைத்தியர்கள் அதை எவ்வாறு நிச்சயம் செய்கிறார்கள் என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே நம்முடைய நோக்கம்.

பித்தம் போகும் வழி

ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். ஆயுள் முடிந்த அணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, நீரில் கரையும்படி பக்குவம் செய்து, பித்த நீரோடு கலந்து அனுப்புகிறது. ஒரு நாளில் 600 முதல் 1,000 மில்லி லிட்டர் வரையில் பித்த நீர் ஈரலில் ஊறுகிறது. மயிரிழை போன்ற சிறு குழாய்களில் புறப்பட்டு, வாய்க்கால்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருகுவது போல் பெருகி, வலப்புறத்துக் குழாய் ஒன்றும் இடப்புறத்துக் குழாய் ஒன்றுமாக ஈரலின் வாசலில் வந்து கூடுகிறது. அந்தக் கூடலிலிருந்து ஒரே குழாயாகக் கீழிறங்கி, வழியில் பித்தப்பையின் கிளைக் குழாயையும் சேர்த்துக் கொண்டு, கணையத்தின் தலைப்பாகத்தினூடே சென்று, சிறு குடலில் திறக்கிறது. கொழுப்பு ஜீரணமாவதற்கு இந்த நீர் அவசியம். மலத்துக்கு இயல்பான பழுப்பு நிறத்தைத் தருவதும் பிலிருபினிலிருந்து பிறக்கும் ஒரு பொருள்தான்.

சாதாரணமாக 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் பிலிருபின் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருக்கும். அது 2½ அல்லது 3 மில்லிகிராமுக்கு ஏறினால் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியத் தொடங்கும். இதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கொளி நம்மை ஏமாற்றி விடும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கமுள்ள ஸ்திரீகளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கண்ணைத்தான் பார்க்க வேண்டும். பரங்கிக்காயும் காரட்டும் அளவுக்கு மிஞ்சி உண்பவர்களின் உள்ளங்கை மஞ்சளாவதுண்டு. அவர்களுடைய கண் வெளுப்பாகவே இருக்கும், அது காமாலையன்று.

இரண்டு வகைக் காமாலை

ரத்த அணுக்கள் மிதமிஞ்சிச் சிதைவதால் வரும் காமாலையை விட்டு விட்டால், வீட்டார் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஈரலே வீங்கி நோயுற்று, பிலிருபினைச் சமாளிக்க முடியாமற் போவது ஒன்று. ஈரல் தன் வேலையைச் செய்தும் பித்தம் போகும் வழி அடைபட்டுப் போவது மற்றொன்று.

வழி அடைபட்டால் என்ன ஆகும்? மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் பின்னோக்கி ஏறுவது போல், பித்தம் ரத்தத்தில் திரும்பி ஏறுகிறது. நீரில் கரையும் பிலிருபின் சிறுநீர் வழியாக வெளியேறப் பார்க்கிறது. எனவே சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம் போல் ஆகிறது. குடலுக்குப் பித்தம் போய்ச் சேராததால் மலம் நிறமிழந்து, வெளிறிய களிமண் போல் ஆகிறது. கொழுப்பு ஜீரணமாகாமல் மலத்தில் எண்ணெய்ப் பசை தோன்றுவதுமுண்டு. தோலெங்கும் அரிப்பு எடுக்கிறது. இரவில் தூக்கம் கெடுமளவுக்குச் சொறிய நேரிடும். கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் 'கே' வைட்டமின் குறைவதால் சிறு காயத்தின் ரத்தமும் சீக்கிரம் உறைவதில்லை.

ஈரல் வீக்கத்திலும் சிறுநீர் கறுக்கும்; சில நாள் மலம் வெளிறுவதும் உண்டு. ஆனால் அங்கே முதலில் ஜுரம், குமட்டல், அன்ன துவேஷம் முதலியவை வந்து, பிறகு மஞ்சள் தோன்றி, சில வாரங்களில் வடியும். வழி அடைபட்ட காமாலையோ நாளுக்கு நாள் ஏறும். மலம் தொடர்ந்து வெளிறியிருக்கும். அரிப்பு முன்னே நிற்கும். பித்தக் கல் அடைத்தால் பெரும்பாலும் வலப்புற வயிற்றில் கடும் வலி இருக்கும். அந்த வலியுங்கூட இல்லாமல், ஐம்பதைக் கடந்த ஒருவருக்குக் காமாலை ஏறிக் கொண்டே போய், உடல் இளைக்கவும் ஆரம்பித்தால், கூரை பற்றுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மலத்தின் நிறத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் கூசுகிறோம். தாத்தாவிடமோ பாட்டியிடமோ அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

கீழாநெல்லியின் புகழ்

காமாலை என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கை நீட்டுவது கீழாநெல்லிக்குத்தான். அந்தச் செடியை இகழ்வது நம் எண்ணமன்று. சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதை முறைப்படி பரீக்ஷித்து, 'பி' வகை ஈரல் வீக்கக் கிருமியைத் தாங்குபவர்களுக்கு அதனால் நற்பலன் உண்டாயிற்று என்று 1988-ஆம் வருஷம் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார்கள். நோபல் பரிசு பெற்ற புளும்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டார். பிற இடங்களில் பின்னர் நடந்த பரீக்ஷைகளில் அதே பலன் கிட்டவில்லை.

ஆனால் கிராமங்களில் கீழாநெல்லிக்குள்ள புகழ் வேறொரு காரணத்தாலும் வந்தது. அசுத்தமான நீராலும் ஆகாரத்தாலும் பரவும் 'ஏ' வகை ஈரல் வீக்கம் பெரும்பாலும் ஓய்வினாலேயே சில வாரங்களில் தானே குணமாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்கே புகழ் சேரும். அடைபட்ட குழாயை எந்த இலைச் சாறும் திறக்காது. "மூன்று வேளை மருந்து கொடுத்தாயிற்று, இன்னும் ஒரு மண்டலம் பத்தியம் இருக்கட்டும்" என்று காத்திருக்கும் குடும்பம், குணமாகாத காமாலைக்கும் குணமாகும் காமாலைக்குரிய காலத்தையே கொடுக்கிறது. பித்தக் குழாய்ப் புற்றில் ரண சிகிச்சைக்கு இடமுள்ள காலம் குறுகியது. அது பத்தியத்தில் கழிந்து விடலாகாது.

மூன்று இடங்கள்

இந்தப் புற்றுநோய்க்குக் 'கொலாஞ்சியோகார்சினோமா' என்று நீண்ட பெயர். பித்தக் குழாயின் உட்புறச் சுவரில் தோன்றும் இது, தோன்றுமிடத்தைப் பொறுத்து மூன்று வகைப்படும். ஈரலுக்குள்ளேயுள்ள சிறு கிளைகளில் வருவது ஒன்று. ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மற்றவை ஓடிக் கொண்டிருப்பதால் இதில் வெகு காலம் காமாலையே தோன்றாது. களைப்பு, இளைப்பு, வயிற்றில் மந்தமான வலி இவ்வளவுதான். வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதும் உண்டு. வலக் குழாயும் இடக் குழாயும் கூடுமிடத்தில் வருவது இரண்டாவது. மூன்றினுள்ளும் இதுவே அதிகம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965-ல் இத்தகைய ரோகிகள் 13 பேரைப் பற்றி விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. கூடலுக்குக் கீழே, குடலை நெருங்கிய பாகத்தில் வருவது மூன்றாவது.

இந்த மூன்றாவது வகையில் வைத்தியரின் விரல்களுக்கே ஒரு சாட்சியம் அகப்படக் கூடும். ஸ்விட்ஸர்லாந்தில் பேஸல் நகரத்து ரண வைத்தியரான கூர்வாஸியே 1890-ல் ஒரு விதியைக் கண்டு சொன்னார். காமாலை உள்ளவரின் பித்தப்பை வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால், அடைப்புக்குக் காரணம் கல்லாக இருப்பது அரிது என்பதே அவ்விதி. காரணம் எளியது. கற்கள் நெடுநாள் குடியிருந்த பை தடித்துச் சுருங்கியிருக்கும். அதனால் விரிய முடியாது. ஆரோக்கியமான பையோ, கீழே வழி அடைபட்டால் பலூன் போல் விரியும். கூடலில் வரும் புற்றில் அடைப்பு பித்தப்பைக்கு மேலே இருப்பதால் பை விரிவதில்லை. ஆகவே பை தட்டுப்படவில்லை என்பதைக் கொண்டு அபாயம் இல்லை என்று தீர்மானிக்க முடியாது.

காரணம் தேடிய கதைகள்

உலகத்தின் பல பாகங்களில் இது அபூர்வ வியாதியே. ஆனால் முன்னாளில் ஸயாம் என்று வழங்கிய தாய்லாந்தின் வட கிழக்கில், ஈஸான் என்னும் பிரதேசத்தில், உலகில் வேறெங்கும் காணாத அளவுக்கு இது மிகுந்திருக்கிறது. அங்கே ஆற்று மீனை வேக வைக்காமல் கொத்தி, எலுமிச்சைச் சாறும் காரமும் சேர்த்து உண்பது பரம்பரை வழக்கம். 'கொய் ப்லா' என்பது அதன் பெயர். அந்த மீனின் தசையில் ஒரு வகைத் தட்டைப் புழுவின் குஞ்சுகள் குடியிருக்கின்றன. எலுமிச்சையின் புளிப்புக்கு அவை சாவதில்லை. மனிதன் வயிற்றுக்குள் போனதும் பித்தக் குழாயில் ஏறி வருஷக் கணக்காக வாழ்ந்து, அதன் சுவரைப் புண்படுத்திக் கொண்டேயிருக்கின்றன. இருபது முப்பது வருஷங்களுக்குப் பின் அந்தப் புண்ணில் புற்று முளைக்கிறது. புழுவின் முட்டைகள் மலத்தோடு நீர்நிலையை அடைந்து, நத்தைக்குள் வளர்ந்து, மீண்டும் மீனில் ஏறுகின்றன. இந்தப் புழு புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1994-ல் முடிவு கூறியது.

ஈஸானில் உள்ள கோன் கேன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2013-ல் பெரியதோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். காமாலை வரும் வரையில் காத்திராமல், அல்ட்ராஸவுண்டு யந்திரத்தைக் கிராமங்களுக்கே எடுத்துச் சென்று, புழுத் தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடிய குடியானவர்களின் ஈரலைப் பரீக்ஷிக்கிறார்கள். வியாதியை எதிர்கொண்டு சந்திக்கும் இந்த முறை, ஏழை மக்கள் நிறைந்த எந்தத் தேசத்துக்கும் நல்ல பாடமாகும்.

ஜப்பானில் ஒஸாகா நகரத்து அச்சகம் ஒன்றில் நடந்தது மற்றொரு கதை. அங்கே வேலை செய்த வாலிபர் பலருக்குப் பித்தக் குழாயில் புற்று வந்த செய்தி 2012-ல் வெளியாயிற்று. முதுமையில் வரும் வியாதி நடுவயதைக் கூட எட்டாதவர்களுக்கு, அதுவும் ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்களுக்கு வந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. அச்சு யந்திரத்தில் ஒட்டிய மையைத் துடைக்க அவர்கள் காற்றோட்டமில்லாத அறையில் உபயோகித்த டைகுளோரோபுரொப்பேன் என்ற திரவமே குற்றவாளி என்று முடிவாயிற்று.

நம் நாட்டு வைத்தியர்கள் கவனிக்கும் காரணங்கள் வேறு. ஈரலுக்குள் நெடுநாள் தங்கும் கற்கள், பிறவியிலேயே குழாய் பைபோல் அகன்றிருப்பது, குழாய்கள் தாமே தழும்பேறிச் சுருங்கும் ஒரு வகை வியாதி, 'பி', 'ஸி' வகை ஈரல் வீக்கம், ஈரல் இறுகிப் போவது ஆகியவை அபாயத்தை அதிகமாக்கும். கங்கை பாயும் வட இந்தியப் பிரதேசங்களில் இதன் உடன்பிறப்பான பித்தப்பைப் புற்று மிகுதி. அதுவும் கூடல் வரையில் பரவிக் காமாலையாகவே வெளிப்படும். ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், பல ரோகிகளிடம் இந்தக் காரணங்களில் எதுவுமே காணப்படுவதில்லை. "எனக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுமில்லையே!" என்பது சமாதானமாகாது.

பரீக்ஷைகளின் வரிசை

இனி, சந்தேகம் எழுந்தபின் நடக்க வேண்டியது என்ன? முதலில் ரத்தப் பரீக்ஷை. பக்குவமான பிலிருபினும், 'ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்' என்ற பொருளும் ஏறியிருந்தால் அடைப்பு என்று ஊகிக்கலாம். அடுத்தது அல்ட்ராஸவுண்டு. அதில் வலி இல்லை, ஊசி இல்லை, செலவும் மற்ற ஸ்கேன்களைப் போல் அதிகமில்லை, சிறிய ஊர்களிலும் கிடைக்கிறது. ஈரலுக்குள் குழாய்கள் விரிந்திருக்கின்றனவா, பித்தப்பை வீங்கியிருக்கிறதா, கல் தெரிகிறதா என்று சில நிமிஷங்களில் சொல்லி விடும். குழாய்கள் விரிந்திருந்து கல் தென்படாவிட்டால் விஷயம் பெரிது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஸி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும். காந்த சக்தியால் பித்தக் குழாய்களை மட்டும் மரத்தின் கிளைகள் போல் படமெடுத்துக் காட்டும் முறை ஒன்று 1991 முதல் வழக்கத்துக்கு வந்தது. அடைப்பு எந்தக் கிளையில், எவ்வளவு தூரம், அருகிலுள்ள ரத்தக் குழாய்களைப் பற்றியிருக்கிறதா என்பவற்றை இவ்விரண்டு படங்களும் சேர்ந்து சொல்லும்.

நான்காவதாக, வாய் வழியே வளையும் குழாயைச் செலுத்தி, குடலிலிருந்து பித்தக் குழாயின் வாயைக் கண்டு பிடித்து, உள்ளே மருந்தேற்றிப் படமெடுப்பது. 1968-ல் அமெரிக்காவில் முதன் முதலாகச் செய்யப்பட்ட இம்முறையால் மூன்று காரியங்கள் ஆகின்றன: அடைப்பின் உருவம் தெரிகிறது, சிறு தூரிகையால் அங்குள்ள அணுக்களைத் துடைத்தெடுத்து நுண்காட்டியில் பார்க்க முடிகிறது, 'ஸ்டெண்ட்' என்ற சிறு குழலை வைத்துப் பித்தத்துக்கு வழியும் விட முடிகிறது.

இந்த வரிசையை நேயர்கள் நன்றாக மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். காமாலையைக் கண்டதும் அவசரமாக ஸ்டெண்டு வைத்து விட்டால் மஞ்சள் இறங்கும், வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் அதன் பிறகு எடுக்கும் படங்களில் குழாய்கள் சுருங்கி, சுவர் வீங்கி, புற்றின் எல்லை மங்கிப் போகும். ஆகவே, "படங்களெல்லாம் எடுத்தாயிற்றா?" என்று வைத்தியரைப் பணிவோடு கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு விதிவிலக்கு: காமாலையோடு குளிர் ஜுரமும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், தேங்கிய பித்தத்தில் கிருமிகள் பெருகி விட்டன என்று அர்த்தம். பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ 1877-லேயே இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லி எச்சரித்தார். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பித்தத்தை வடிய விடுவதே அங்கு முதல் வேலை.

"இல்லை" என்ற பதிலை நம்பலாமா?

இந்தப் புற்றை நிச்சயம் செய்வது வைத்தியர்களுக்கே கடினமான காரியம். இது குழாயைச் சுற்றி மெல்லிய தழும்பு போல் படரும் சுபாவமுடையது. கெட்டியான நார்த் தசைக்குள் புற்றணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும். அதனால் தூரிகையில் அகப்படாமற் போவது சகஜம். "புற்று உண்டு" என்று வரும் முடிவை நம்பலாம். "காணவில்லை" என்று வரும் முடிவை விடுதலைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அநேக குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகின்றன. படங்கள் சந்தேகத்தைக் காட்டினால், குழாய்க்குள்ளேயே சிறு காமிராவைச் செலுத்தி நேரில் பார்த்துத் தசை எடுப்பது முதலிய வேறு வழிகள் உண்டு. வெட்டியெடுக்கக் கூடிய நிலையில் இருந்தால், அணுப் பரீக்ஷையின் முடிவுக்குக் காத்திராமலே ரண சிகிச்சை செய்வதும் உண்டு.

'ஸி.ஏ. 19-9' என்ற ரத்தப் பரீக்ஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் அளவு 37-க்கு மேற்பட்டால் காகிதத்தில் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். படித்த மகன் அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்க மாட்டான். வெறும் கல் அடைப்பிலும், கிருமித் தொற்றிலும் கூட அது ஏறும். மாறாக, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருடைய உடலில் அந்தப் பொருள் பிறவியிலேயே உண்டாவதில்லை. அவர்களுக்குப் புற்று இருந்தாலும் அது ஏறாது. மற்றச் சாட்சியங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதேயன்றி, அது தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது.

புற்றைப் போலவே வேஷம் போடும் வியாதிகளும் இருக்கின்றன. 'ஐ.ஜி.ஜி. 4' என்ற பொருள் சம்பந்தப்பட்ட ஒரு வகை வீக்கம் பித்தக் குழாயை அச்சாகப் புற்று போலவே சுருக்கும். ஆனால் ஸ்டீராய்டு மருந்தில் கரைந்து விடும். எனவே பயத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாதிருப்பது இரட்டை மடமை. புற்றாக இருந்தால் காலம் போகும். புற்றல்லாவிட்டால் வீணாக வருந்திச் சாக நேரும்.

காலத்தின் மதிப்பு

முற்றிலும் குணப்படுத்த வல்லது ரண சிகிச்சை ஒன்றே என்று பொதுவாகச் சொல்லலாம். பொறுக்கியெடுத்த சிலருக்கு மாற்று ஈரல் வைப்பதும் உண்டு. பெரும்பாலோர் வெட்டியெடுக்கும் நிலை கடந்த பின்பே வருகிறார்கள் என்பதுதான் துக்ககரமான உண்மை. அவர்களுக்கும் கை விரிக்க வேண்டியதில்லை. ஜெம்ஸிடபின், ஸிஸ்பிளாட்டின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைக் காட்டிலும் ஆயுள் நீள்கிறது என்று 2010-ல் நிரூபணமாயிற்று. உடலின் சொந்தப் பாதுகாப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் டுர்வாலுமாப் என்ற மருந்தும் 2022 முதல் அவற்றோடு சேர்க்கப்படுகிறது. புற்றணுவின் பரம்பரைச் சூத்திரத்தில் குறிப்பிட்ட மாறுதல் உள்ளவர்களுக்கென்றே 2020 முதல் தனி மருந்துகள் வந்திருக்கின்றன. அந்த மாறுதலைத் தேடுவதற்கும் எடுத்த தசையே ஆதாரமாவதால், நோயைச் சரியாக நிச்சயம் செய்வது சிகிச்சையின் முதற் படியாகவே ஆகிவிட்டது.

ஒவ்வொரு காமாலையையும் கண்டு நடுங்கும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால், கூச்சத்தை விட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். மலம் வெளிறியிருக்கிறதா? உடம்பு அரிக்கிறதா? காரணமின்றி இளைக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும், அந்த வாரத்துக்குள்ளேயே ரத்தப் பரீக்ஷையும் அல்ட்ராஸவுண்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் வடியாத காமாலைக்கும் இதுவே விதி. நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் உபாதையைத் தாங்களாக வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு என்று மறைப்பதே அவர்கள் சுபாவம். கேட்க வேண்டியது நம் கடமை. சரியான சமயத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி, அவர்கள் இன்னும் பல வருஷம் நம்மோடு இருப்பதற்கு வழி செய்யக் கூடும்.